எட்டு வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை

பேசிப் பிழைக்கிறவன் நான். ஹெல்மின்ஸ்டர் பேராலயத்தின் பெரிய கோபுரத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறேன். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், முந்நூற்றுப் பதினெட்டுப் படிகள். முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் என் வாய் ஓயாது. மணிக்கூண்டில் நிறுத்தி, நாக்கு அறுந்து விழுந்த மணியின் கதையைச் சொல்வேன். கூரைக்கடியில் நிறுத்தி, கொத்தனாரோடு சண்டை போட்டுவிட்டுச் சாரத்திலேயே மூன்று நாள் குந்தியிருந்த தச்சனைப் பற்றிச் சொல்வேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள். கீழே இறங்கியதும், "உங்களுக்கு மூச்சே வாங்காதா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

இப்படி நாள் முழுக்க வாய் கிழியப் பேசுகிறவன், நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை, சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். நடுநடுவே திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் என்னைத்தான் திட்டுவேன்.

என் பெயர் கேவின் தர்ஸ்பி. என் மனைவியாக இருந்தவள் பெயர் ரோவினா. நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை சேர்ந்தே இருந்திருப்போமோ என்னவோ. பதினோரு வருஷம் "ராத்திரிக்கு என்ன சாப்பிடலாம்?" "உனக்கு எது பிடிக்குமோ அது" "இல்ல, உனக்கு எது பிடிக்குமோ அது" என்றே போய்விட்டது. இரண்டு பேருக்கும் பிடித்தது எதுவென்று இரண்டு பேருக்குமே கடைசி வரை தெரியாது. பிரிந்தபோதுகூட ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டோம். எங்கள் மகள் இமொஜெனுக்கு, வீட்டில் இம்மி, அப்போது ஐந்து வயது. வாரத்தில் அவள் அம்மாவோடு இருப்பாள், சனிக்கிழமைதோறும் என்னோடு.

ரோவினா ஒரு நர்ஸ். அவளுடைய அக்கா நியூசிலாந்தில் இருக்கிறாள். அந்த வருஷம் மார்ச் மாதத்தில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்தது. ஒரு நாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"கேவின், சுத்தி வளைக்காம கேக்குறேன். இம்மியைக் கூட்டிட்டுப் போனா உனக்குக் கஷ்டமா இருக்குமா? நீ வேண்டாம்னு சொன்னா நான் போகல."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். பால் ஊத்தவா?"

அவ்வளவுதான் பேச்சு. என் மகளை உலகத்தின் அந்தக் கோடிக்கு அனுப்புவதைப் பற்றி நாங்கள் பேசியது, ஒரு கோப்பையில் பால் ஊற்றுகிற நேரம். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் அவள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அழுத்திக் கேட்பது எங்களுக்கெல்லாம் அநாகரிகம். கேட்டதும் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவது அதைவிட அநாகரிகம். எங்கள் காலை ஒருத்தர் மிதித்தால் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்போம். இந்த அழகில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும்.

பிள்ளையை நாடு விட்டு நாடு நிரந்தரமாகக் கூட்டிப்போக அப்பாவின் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் ரோவினா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சனிக்கிழமை இம்மியைக் கொண்டாந்து விடும்போது குடு, போதும். திங்கக்கிழமைக்குள்ள அங்க கடைசிப் பதில் சொல்லணும்" என்றாள். டிக்கெட் அதற்கு அடுத்த வாரத்துக்கு. நான்கு நாளாக அந்தக் காகிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கையெழுத்துப் போடவில்லை. காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "எனக்குக் கஷ்டமா இருக்கு ரோ, கூட்டிட்டுப் போகாதே" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குளியலறையில் நன்றாகத்தான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை இம்மியைக் கொண்டுபோய் விடும்போது எப்படியும் சொல்லிவிடுவது, காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு யோசனைதான் உறுத்தியது. இம்மிக்குப் போக ஆசையாக இருந்தால்? பெரியம்மா, கடற்கரை, புதுப் பள்ளிக்கூடம் என்று பிள்ளை கனவு கண்டுகொண்டிருந்தால், குறுக்கே விழுந்து படுக்க நான் யார்? அவள் மனதைத் தெரிந்துகொண்டு பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, கேட்பது. அது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

காலை பத்து மணிக்கு இம்மி வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, முன்பல் இரண்டு இல்லை, கையில் ஒரு பழைய தபால் உறை. அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள், அன்றைக்கு நாங்கள் என்னென்ன செய்யப்போகிறோம் என்று. வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து செய்கிற எல்லாமே அதில் இருந்தது. எலி தேடுவது, பித்தளை வீரனை நகல் எடுப்பது, அன்னத்துக்குப் பட்டாணி போடுவது, பூங்காவில் குட்டி ரயில். உள்ளூர்க்காரர்கள் யாரும் இதையெல்லாம் செய்வதில்லை. நாங்கள் மட்டும் மூன்று வருஷமாகச் சனிக்கிழமைதோறும் செய்துகொண்டிருந்தோம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அப்பாவாக இருக்கிறவனும் ஒரு விதத்தில் வெளியூர்க்காரன்தான்.

அந்த உறையில் எல்லாவற்றுக்கும் மேலே "கோபுரம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கோபுரத்துக்கு எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். வாசலிலேயே பலகை தொங்குகிறது. படிகள் குறுகல், சுழன்று சுழன்று போகும், நடுவில் பிள்ளை பயந்து நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். நியாயமான விதிதான். நாலு வயதிலிருந்தே இம்மி என்னை அரித்துக்கொண்டிருந்தாள், "நான் எப்ப வரலாம்? நான் எப்ப வரலாம்?" என்று. எட்டு ஆனதும் அன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கோபுரத்துக்குச் சீட்டுக் கொடுக்கிற மேசையில் பெரில் காட்ச்போல் உட்கார்ந்திருந்தாள். எழுபது தாண்டியவள், சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறவள், எங்களுக்கு வேலை நாள் பிரித்துப் போடுகிறவளும் அவள்தான், தோளில் பச்சைப் பட்டி போட்டிருப்பாள். வாய் மட்டும் பேட்டை ரவுடி மாதிரி.

"ஆகஸ்ட் கூட்டத்துலகூட சனிக்கிழமை லீவு வேணும்னு என் உயிரை எடுத்த. இப்ப இங்கயே வந்து நிக்கிற. வேற போக்கிடமே இல்லையா உனக்கு?"

"நான் வரல பெரில், இவதான் இழுத்துட்டு வந்தா."

இம்மி மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பதினொன்றரை டூர்ல எனக்கு ஒரு இடம் வேணும்."

"வயசு என்ன செல்லம்?"

இம்மி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஏழு. ஆனா எட்டு ஆக இன்னும் இருபத்திநாலு நாள்தான் இருக்கு."

பெரில் பேனாவை எடுத்தாள். "எட்டுதானே? எழுதிக்கிட்டேன்."

"ஏழுன்னு சொன்னா, பெரில்" என்றேன் நான்.

"எனக்குத் தெரியும்டா அவ என்ன சொன்னான்னு. அடுத்த வாரம் கழிச்சு அவ இந்த நாட்டுலயே இருக்க மாட்டா. எட்டு வயசு அவளுக்கு ஏதோ ஒரு மூலைல ஆகப்போகுது. கூட்டிட்டுப் போயேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"முந்தாநாள் லீட்ஸ்லேருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. அந்தப் பையனுக்கு எட்டு ஆக ரெண்டே நாள் பாக்கி. அழுதான். திருப்பி அனுப்பினேன். இப்ப என் பொண்ணுன்னா மட்டும் விடலாமா?"

இம்மி என் கையைப் பிடித்து இழுத்து, காதருகே வந்தாள். "டூரோட வேண்டாம்ப்பா. எல்லாரும் போனப்புறம் போகலாமா? நாம ரெண்டு பேர் மட்டும். உன்கிட்ட சாவி இருக்குல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாவி என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. லீவு நாளிலும் கழற்ற மாட்டேன், அவ்வளவு பெருமை எனக்கு அதில்.

"அது தப்பு இம்மி. விதின்னா எல்லாருக்கும்தான். எட்டு ஆனப்புறம் என்னைப் பாக்க வருவல்ல, அப்பக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கொஞ்ச நேரம் என் சாவியையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா" என்றாள். உறையில் கோபுரம் என்ற வார்த்தையின் மேல் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டாள்.

பெரில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "இந்தக் கோயிலைக் கட்டினப்ப மிச்சமான கல்லை எங்க போட்டாங்கன்னு இப்பத்தான் தெரியுது. உன் நெஞ்சுலதான் போட்டிருக்காங்க."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது, சொந்தப் பிள்ளை என்று பார்க்காமல் நேர்மையாக நடந்துகொண்டேன் என்று. இப்போது நினைத்தால் அந்த இடத்திலேயே போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. போன வருஷம் நிர்வாகம் அந்த வயதை ஏழாகக் குறைத்துவிட்டது. ஒரு கூட்டம் போட்டார்கள், பத்தே நிமிஷம், முடிந்தது.

பிறகு எலி தேடினோம். பேராலயத்துக்குள் மரத்திலும் கல்லிலும் பதினான்கு எலிகள் செதுக்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுப்பார்கள், கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டு வந்தால் சட்டையில் ஒட்ட ஒரு படம். இம்மிக்குப் பதினான்கும் மனப்பாடம். தலையைத் தூக்காமலே குறித்துக்கொண்டு போனாள். அதைக் கவனித்த ஒரு குடும்பம் எங்கள் பின்னாலேயே காப்பியடித்துக்கொண்டு வந்தது. அந்த அப்பாக்காரன் கொஞ்சமும் கூச்சப்படாமல், "பாப்பா, ஒம்பதாவது எங்க இருக்கு?" என்று கேட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இம்மி பொறுமையாகப் பாடகர் இருக்கைக்கு அடியில் குனிந்து காட்டினாள்.

பித்தளை நகல் எடுக்கிற மேசையில் அவளும் நானும் எதிரெதிராக உட்கார்ந்தோம். பழைய வீரன் ஒருவனின் உருவத்தின் மேல் கறுப்புக் காகிதத்தை விரித்து, தங்க நிற மெழுகுக் கட்டியால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க உருவம் எழுந்து வரும். வேறு இரண்டு மேசைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். இம்மி தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, நாங்க போனப்புறம் சனிக்கிழமையெல்லாம் நீ என்ன பண்ணுவ?"

"காலை நீட்டிப் படுப்பேன். கிரிக்கெட் பார்ப்பேன். பட்டாணி வாங்குற செலவு மிச்சம்."

எங்கள் ஊரில் பாசத்தைக் காட்டுகிற முறை இது. மனதில் இருப்பதை அப்படியே கவிழ்த்துச் சொல்வது. அவள் சிரித்தாள். பிறகு வீரனின் முகத்தைத் தேய்க்காமல் காலடியில் இருந்த நாயை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்தாள்.

"வேலைக்குப் போவியா? சனிக்கிழமை?"

"போவேனா இருக்கும். பெரில் விட மாட்டா."

"அப்ப உனக்குப் பொழுது போயிடும்."

"ஜோராப் போயிடும்" என்றேன்.

மத்தியானம் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டோம். தூறல் போட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை, நாங்களும் எழுந்திருக்கவில்லை. ஆற்றங்கரையில் அன்னங்களுக்குப் பட்டாணி போட்டோம். இம்மி எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள், என் மகள் அல்லவா. அன்றைக்கு அவ்வளவாகப் பேசவில்லை. இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்தாள். ஒரு தடவை படகில் வந்தவர்கள் கை காட்டினார்கள், நாங்களும் கை காட்டினோம். இன்னொரு தடவை யாரோ என் இடுப்புச் சாவியைப் பார்த்துவிட்டு, "கோபுரத்து ஆள்தானே நீங்க?" என்று கேட்டு, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டார்கள். நானும் நாக்கு அறுந்த மணியின் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். அவள் என் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், முதல் தடவை கேட்கிறவள் போல.

மூன்றரை மணிக்குப் பூங்காவுக்குப் போனோம். ஐஸ்கிரீம் வண்டிக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் வரிசை. மழை விட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் தொப்பி போட்ட இரண்டு வயதான பெண்கள், பின்னால் இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. யாரும் பேசவில்லை. எங்கள் ஊர் வரிசையில் ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள், கண் எங்கோ இருக்கும், காது மட்டும் பக்கத்தில் இருக்கும்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

அவள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "நாங்க போறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

முன்னால் இருந்த தொப்பிகள் இரண்டும் அசையாமல் நின்றன. தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டிருந்த அம்மா ஆட்டுவதை நிறுத்தினாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் இம்மி, மார்ச்சிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை, வாரம் முழுக்க உன் பொம்மைகள் இருக்கிற அறையின் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன், போகாதே கண்ணு. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வரிசையில் நின்றுகொண்டு ஒரு ஆள் அழுது என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. நான் அழுதால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? திரும்பவும் முடியாது, திரும்பாமல் இருக்கவும் முடியாது, பாவம். கேளுங்கள், என் மகள் என்னைக் கேட்கிறாள், நான் அந்தத் தொப்பிகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன். எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள்.

"சேச்சே," என்றேன். "எனக்கென்ன கஷ்டம்? நீ சந்தோஷமா இருந்தா அதுவே போதும். அங்க பென்குவினெல்லாம் ரோட்டுல நடக்குமாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். உனக்குச் சாக்லேட் குச்சி ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணு போதும்."

முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். நல்லபடியாகச் சமாளித்தாய் என்று சொல்கிற புன்னகை. நானும் தலையை ஆட்டினேன்.

இம்மி ஐஸ்கிரீமைக் கடைசி வரைக்கும் சாப்பிட்டாள். ஒரு சொட்டுக்கூட சிந்தவில்லை. அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அமைதியாக இருந்தது. அப்பாவை விட்டுப் போகிறோமே என்ற குற்றவுணர்ச்சி பிள்ளையை அரித்திருக்கிறது, நான் சொன்ன பதிலில் மனது லேசாகிவிட்டது, அவளுக்குப் போகத்தான் ஆசை என்று முடிவு கட்டினேன். படிக்கத் தெரியாதவன் கையில் கடிதம் கிடைத்த கதைதான்.

குட்டி ரயில் புறப்பட இருந்தது. மணி அடித்து, புகை விட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றி வருகிற ரயில், பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். "நீயும் வாப்பா" என்றாள். "அப்பாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கும், நீ போய்ட்டு வா" என்றேன். மூன்று சுற்றுக்குச் சீட்டு வாங்கி அவளை மட்டும் ஏற்றினேன். பெஞ்சில் உட்கார்ந்து கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். எலித் தாளை அடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். முதல் சுற்றில் அவள் கை காட்டினாள், நானும் காட்டினேன். இரண்டாவது சுற்றில் காட்டினாள். மூன்றாவது சுற்றில் காட்டவில்லை. குளிர்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குப் பேராலயத்தின் வெளிவாசலில் ரோவினா காரோடு நின்றாள். வளைவு வாசல், ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. இம்மி என்னைக் கட்டிப்பிடித்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, பிறகு பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காகிதத்தை ரோவினாவிடம் நீட்டினேன். அவள் பிரித்துப் பார்த்தாள். சட்டென்று நிமிரவில்லை.

"போட்டுட்ட."

"போட்டுட்டேன்."

"அவ உன்கிட்ட கேட்டாளா?"

"கேட்டா. ஐஸ்கிரீம் வரிசைல."

"வரிசைலயா?" ரோவினா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கோபுரத்துல வெச்சுக் கேக்கப்போறேன்னு சொன்னாளே. ஒரு வாரமா அதே பேச்சு. மேல யாரும் இருக்க மாட்டாங்க, நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருப்போம், அங்கன்னா அப்பா நிஜத்தைச் சொல்லிடுவார்னு."

"அவளுக்கு இன்னும் வயசாகலையே, ரோ" என்றேன். இதைத்தான் சொன்னேன்.

ரோவினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், காருக்குள் கேட்கக் கூடாது என்று. "அவளுக்குப் போகவே பிடிக்கல, கேவின். உன்னை விட்டுட்டு வர மாட்டேங்குறா. அப்பா ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லட்டும், திங்கக்கிழமை காலைல போன் பண்ணி நான் வரலன்னு சொல்லிடுறேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா அப்பாவுக்குக் கஷ்டமில்லன்னா அடம்பிடிக்க மாட்டேன்னு அவளே சொன்னா. எனக்கும் அங்க போய்த்தான் ஆகணும்னு இல்ல."

காகிதத்தை அவள் மடிக்கவில்லை. கையில் விரித்தபடியே வைத்துக்கொண்டு நின்றாள். கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. அவள் எதற்காக நிற்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காருக்குள் இம்மி கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்த முகத்தில் இருந்தது அமைதி இல்லை என்று அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், எனக்குப் புரிந்தது.

இரண்டு எட்டு வைத்துக் கார் ஜன்னலுக்குக் குனிந்தேன். இதோ சொல்லிவிட்டேன் என்றுதான் குனிந்தேன். அப்போது எங்கள் பின்னால் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. எங்கள் கார் வாசலை அடைத்திருந்தது, பஸ்ஸுக்கு வெளியே போக வழியில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடக் கோபத்தில் ஏதாவது கத்தியிருப்பேன், கத்துகிற சாக்கில் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவர் நல்ல மனுஷன். பரவாயில்லை, மெதுவாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று கையைக் காட்டினார். பஸ்ஸுக்குள் நாற்பது முகங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தன. நம்மால் இத்தனை பேருக்குத் தாமதமாகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பெல்ட் போட்டுட்டியா?" என்றேன்.

"போட்டுட்டேன்ப்பா."

"சரி. பத்திரம்."

ரோவினா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். கார் கிளம்பியது. நான் சுவரோரமாக ஒதுங்கி நின்று, காக்க வைத்ததற்கு அந்த பஸ் டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டேன்.